குடியிருந்த மாளிகையை விலைக்கு வாங்கியோர்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. வாடகை வீட்டிலே வாழ்ந்து பழகியவர்கள் இம்மொழியின் பொருளை நன்குணர்வர். மாதம் பிறந்ததும் வாடகைப் பணத்தை எண்ணிக் கொடுப்பது ஒருபுறமிருக்க, சுவரிலே ஓர் ஆணி அறைவதற்கும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கிணற்றடியிலே தென்னம்பிள்ளை ஒன்றை நட்டு வளர்த்தால், அது காய்க்குங் காலத்திலே நாம் அவ்வீட்டில் இருப்போமோ என்ற ஐயம் நெஞ்சை அரிக்கும். வீட்டை விற்கப் போவதாக ஒருநாள் செய்தி வந்துவிட்டாலோ, குடும்பம் முழுவதும் உறக்கத்தை இழந்துவிடும்.

இக்கவலை எளியவர்க்கும் நடுத்தரக் குடும்பத்தினர்க்கும் மட்டுமே உரியதன்று. கோடிக்கணக்கில் பணம் புரளும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களையும் இது பிடித்தாட்டியதுண்டு. பல்லாண்டு காலம் குத்தகைக்கு இருந்த கலையகக் கட்டடத்தை ஈற்றில் அந்நிறுவனங்களே விலை கொடுத்து வாங்கிய வரலாறுகள் உள. நியூயோர்க் நகரிலே என்.பி.சி. நிறுவனமும், இலண்டன் மாநகரிலே ஐ.ரி.வி. நிறுவனமும் அவ்வாறு செய்தன. செய்த செயல் ஒன்றே. விளைந்த பயனோ வெவ்வேறு. அவ்விரண்டையும் ஒப்புநோக்கினால், இல்லறம் நடத்துவோரும் கல்வி பயில்வோரும் அறிந்துகொள்ள வேண்டிய உண்மையொன்று புலப்படும். அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில், கலையகம் எத்தகைய வீடு என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். எழுதுநரும் கணக்கரும் இருந்து பணிபுரியும் காரியாலயத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுதல் பெருங் காரியமன்று. மேசை நாற்காலிகளையும் பேரேடுகளையும் லொறியிலே ஏற்றினால் வேலை முடிந்தது. கலையகத்தை அவ்வாறு ஏற்றிச் செல்ல இயலாது. வீதியில் ஓடும் வாகனங்களின் இரைச்சல் உள்ளே கேளாதிருக்கும்பொருட்டு, அதன் சுவர்களைத் தனி முறையில் அமைக்க வேண்டும். கமெரா அதிராமல் உருண்டு செல்லும்பொருட்டு, தரையை மேடு பள்ளமின்றிச் சமப்படுத்த வேண்டும். எண்ணற்ற விளக்குகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை மேலே பொருத்த வேண்டும். அவ்விளக்குகளின் வெப்பத்தைத் தணிக்கும் குளிரூட்டும் பொறி ஓசையெழுப்பாமல் இயங்க வேண்டும். இவ்வளவுக்கும் இடையே, அகன்ற அவ்வறையின் நடுவிலே தூண் ஒன்றும் நிற்றலாகாது.

இவை யாவும் கட்டடத்தின் எலும்போடு ஒட்டியவை. குத்தகைக் காலம் முடிந்து வெளியேறும் நிறுவனம் கமெராக்களை எடுத்துச் செல்லலாம். சுவரையும் தரையையும் எடுத்துச் செல்ல முடியுமோ? பிறர் காணியில் தென்னை நட்ட குடித்தனக்காரரின் நிலையே அதன் நிலையுமாகும்.

"அவ்வாறாயின் தொடக்கத்திலேயே சொந்தக் கட்டடம் அமைத்துக்கொள்ளலாமே" என்று மாணவர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் புதிதாகத் தொழில் தொடங்கும் ஒரு நிறுவனத்தின் கையிலுள்ள முதல் அளவுடையது. அதனை நிலத்திலும் கல்லிலும் புதைத்துவிட்டால், கமெரா வாங்கவும் கலைஞருக்கு ஊதியம் கொடுக்கவும் பணம் எஞ்சாது. மேலும், பிரித்தானியாவில் தனியார் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒளிபரப்பு உரிமை குறித்த சில ஆண்டுகளுக்கே வழங்கப்பட்டது. உரிமை புதுப்பிக்கப்படாவிடின் மாளிகை இருந்தும் வேலை இராது. ஆகவே, இளங் குடும்பம் வாடகை வீட்டிலே வாழ்வைத் தொடங்குவது போல, இந்நிறுவனங்களும் குத்தகைக் கட்டடத்திலே தொடங்கின. அதிலே குற்றமில்லை.

இனி நியூயோர்க் நகருக்குச் செல்வோம். அந்நகரின் நடுவே றொக்பெல்லர் நிலையம் என்னும் பெருங் கட்டடத் தொகுதி அமைந்துள்ளது. அதன் நிலம் தொடக்கத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு உரியதாக இருந்தது. பெருஞ் செல்வரான ஜோன் டி. றொக்பெல்லர் இளையவர் 1928ஆம் ஆண்டில் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே இசைநாடக அரங்கு ஒன்றை எழுப்புவதே முதலில் வகுத்த திட்டம். 1929ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தது. இசைநாடகக் கழகத்தார் பின்வாங்கினர். பெருந்தொகைக் குத்தகையைத் தலையிலே சுமந்துகொண்டு றொக்பெல்லர் திகைத்து நின்றார். அவ்வேளையில் ஆர்.சி.ஏ. என்னும் வானொலி நிறுவனமும் அதன் கிளையான என்.பி.சி.யும் குடிவர இசைந்தன. வீட்டுக்காரரைக் காப்பாற்றியவர் குடியிருக்க வந்தவரே!

1933ஆம் ஆண்டில் அந்த உயர்ந்த கட்டடம் திறக்கப்பெற்றது. ஆர்.சி.ஏ. கட்டடம் என்றே அதற்குப் பெயரும் இட்டனர். அதனுள்ளே என்.பி.சி.யின் கலையகங்கள் மிதக்கும் அறைகளாக அமைக்கப்பட்டன. அஃதாவது, பெட்டிக்குள் பெட்டி வைத்தாற்போல, கலையகத்தின் சுவரும் தரையும் கட்டடத்தின் இரும்புச் சட்டகத்தை நேரே தொடாமல், அதிர்ச்சியைத் தாங்கும் வில்களின்மீது நிறுத்தப்பட்டன. வெளியே எழும் அதிர்வு உள்ளே புகாதிருக்கச் செய்த உபாயம் இது. 8எச் என்னும் கலையகம் அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய வானொலிக் கலையகமெனப் பெயர் பெற்றது. இத்தாலிய இசைவாணர் டொஸ்கனீனி 1937ஆம் ஆண்டு நத்தார் தினத்திலே என்.பி.சி. இசைக்குழுவை முதன்முறையாக நடத்தியது அங்கேதான். பின்னர் அக்கலையகம் தொலைக்காட்சிக்கென மாற்றியமைக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய 'சட்டர்டே நைட் லைவ்' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சிக்கும் அதுவே இல்லமாயிற்று.

இவ்வளவு வேரூன்றியும், என்.பி.சி. அங்கே குடியிருந்த நிறுவனமேயன்றி உரிமை பூண்டதன்று. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த றொக்பெல்லர் குழுமம் 1985ஆம் ஆண்டில் 40 கோடி டொலர் கொடுத்து அதனைப் பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்கியது. குத்தகைக்காரர் உரிமையாளரான முதற்கதை அது. ஆனால் அதே ஆண்டில் அந்தச் சொத்து 130 கோடி டொலருக்கு ஈடு வைக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமான மிட்சுபிஷி எஸ்டேட் 84 கோடி 60 இலட்சம் டொலர் கொடுத்துக் குழுமத்தின் 51 சதவீதப் பங்கினை வாங்கியது. அதன் பின்னர் நியூயோர்க்கிலே கட்டடங்களின் மதிப்பும் வாடகையும் சரிந்தன. ஈட்டுக் கடனைத் தாங்கும் அளவுக்கு வாடகை கிடைக்கவில்லை. 1995ஆம் ஆண்டு மே மாதத்திலே றொக்பெல்லர் நிலையம் வங்குரோத்து அடைந்ததாக அறிவித்துச் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது.

இத்துணை மாற்றங்களுக்கும் இடையே என்.பி.சி.யின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அது அண்டை மாநிலமான நியூ ஜேர்சிக்குக் குடிபெயரவும் எண்ணியது. தொழிலும் வருவாயும் கைநழுவுமே என அஞ்சிய நியூயோர்க் நகர நிருவாகம் வரிச் சலுகை வழங்கி, 1987ஆம் ஆண்டில் அதனை நகரிலே நிறுத்திக்கொண்டது. போகாமல் தங்கிய வீட்டிலோ, எட்டே ஆண்டுகளில் வீட்டுக்காரர் வங்குரோத்து! வாடகை ஒழுங்காகக் கட்டிய குடித்தனக்காரர், தாம் செய்யாத பிழைக்காகத் தவித்து நிற்பது இத்தகைய வேளையிலேதான்.

நிலையத்தின் உரிமை புதியவர்கள் கைக்கு மாறிய 1996ஆம் ஆண்டிலே இத்தவிப்புக்கு முடிவு வந்தது. என்.பி.சி.யும் அதன் தாய் நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக்கும், அதுவரை குத்தகைக்கு இருந்த ஏறத்தாழ 16 இலட்சம் சதுர அடி இடத்தை 44 கோடி டொலருக்கு விலைக்கு வாங்கின. கணக்கிலே ஆர்வமுள்ள மாணவர் வகுத்துப் பார்க்கலாம். சதுர அடி ஒன்றுக்கு ஏறத்தாழ 275 டொலர் வரும். வாங்கியது முழுக் கட்டடமன்று. தாம் பயன்படுத்திய பகுதி மட்டுமே. மாடி வீட்டுத் தொகுதியிலே ஒரு வீட்டுக்குத் தனி உறுதி முடிப்பது போன்ற ஏற்பாடு அது.

அதன் பயன் விரைவிலே தெரிந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் றொக்பெல்லர் நிலையம் மீண்டும் 185 கோடி டொலருக்கு விலைப்பட்டது. ஆயினும் இம்முறை என்.பி.சி.க்கு உறக்கம் கெடவில்லை. விற்றவர் யாராயினும், வாங்கியவர் யாராயினும், 8எச் கலையகத்தின் உறுதி வேறு பெட்டகத்தில் இருந்தது.

பின்னர் ஒரு சிறு திருப்பமும் நேர்ந்தது. கொம்காஸ்ட் என்னும் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் என்.பி.சி. யுனிவேர்சலின் பெரும்பங்கை ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமிருந்து வாங்கியது. 2013ஆம் ஆண்டில் எஞ்சிய பங்கையும் வாங்கியது. பங்குகள் கைமாறினும் கட்டடத்தின் உரித்து அவற்றோடு சேர்ந்து வந்துவிடவில்லை. ஆகவே, நியூயோர்க்கிலுள்ள இடத்தையும் நியூ ஜேர்சியிலுள்ள மற்றொரு கட்டடத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 140 கோடி டொலர் கொடுத்து என்.பி.சி. யுனிவேர்சல் வாங்க நேர்ந்தது. தொழில் வேறு, அத்தொழில் நடக்கும் இடம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? மறு ஆண்டிலேயே, 'ருநைட் ஷோ' என்னும் புகழ்பெற்ற இரவு நிகழ்ச்சி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கலிபோர்ணியாவிலே தங்கியிருந்தபின் தன் பழைய மனைக்குத் திரும்பியது. அதற்காக 6பி என்னும் கலையகத்தைப் புதுப்பித்தனர். தன் வீட்டுச் சுவரை இடிக்கவும் கட்டவும் எவர் அனுமதி வேண்டும்?

இதுகாறும் கூறியது கலையகம் வாழ்ந்த கதை. அடுத்து இலண்டன் கதையைக் கேளுங்கள்.

இலண்டன் வீக்கெண்ட் ரெலிவிஷன் என்னும் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் ஒளிபரப்பைத் தொடங்கியது. தேம்ஸ் நதியின் தென்கரையிலே எழுந்த புதிய கலையக மாளிகை 1972ஆம் ஆண்டில் அதன் இல்லமாயிற்று. நதியைப் பார்த்தபடி நின்ற அதன் உயர்ந்த கோபுரம் இலண்டன் மக்கள் அனைவர்க்கும் பழகிய காட்சி. கலைகளைப் பற்றிய 'சவுத் பாங்க் ஷோ' என்னும் நிகழ்ச்சி, அம்மாளிகை நின்ற தென்கரையின் பெயரையே பூண்டது. காலப்போக்கிலே நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கி, 2004ஆம் ஆண்டில் ஐ.ரி.வி. என்ற பெரு நிறுவனம் உருவாகியது. மாளிகையும் அதன் வசமாயிற்று, ஆனால் குத்தகையாகவே. நிலத்தின் முழு உரித்தும் நிலக்கரித் தொழிலாளரின் ஓய்வூதிய நிதியைப் பேணும் அமைப்பின் கையிலே இருந்தது. தொலைக்காட்சி கட்டிய வாடகை முதிய சுரங்கத் தொழிலாளருக்குச் சோறிட்டது என்பதை எண்ணும்போது, வாடகை வாங்குவோர் எல்லோரும் கொடியர் அல்லர் என்பதும் விளங்கும்.

2013ஆம் ஆண்டு நவம்பரில் ஐ.ரி.வி. 5 கோடி 60 இலட்சம் பவுண் கொடுத்து அந்த உரித்தினை வாங்கியது. நாற்பது ஆண்டுக் குத்தகை வாழ்வு முடிந்தது. கலையகம் இனி அசையாது என்று பலர் எண்ணியிருப்பர். நடந்தது வேறு. மாளிகையை இடித்துப் புதிதாக அமைப்பதற்கென 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் கலையகங்கள் மூடப்பட்டன. காலை நிகழ்ச்சிகள் நகரின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில், தென்கரைக்குத் திரும்பப் போவதில்லையென ஐ.ரி.வி. அறிவித்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் அச்சொத்து 14 கோடி 56 இலட்சம் பவுணுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் யாரென நினைக்கிறீர்கள்? முன்னர் றொக்பெல்லர் நிலையத்தை வாங்கிக் கை சுட்டுக்கொண்ட அதே மிட்சுபிஷி எஸ்டேட்!

ஆறே ஆண்டுகளில் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே 8 கோடி 96 இலட்சம் பவுண் வேறுபாடு. வணிகக் கண்ணால் நோக்கின் இது திறமையான செயலே. குத்தகைக்காரராகவே இருந்து வெளியேறியிருப்பின் இந்த ஆதாயம் கிட்டியிராது. நிகழ்ச்சிகளும் நின்றுவிடவில்லை. வீட்டிலிருந்து பார்க்கும் நேயர் பலர், கட்டடம் மாறியதைக் கவனித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் கலையகம் போயிற்று. தச்சரும் ஒளியமைப்பாளரும் உடை தைப்போரும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ்ப் பழகிச் சேர்த்த தொழில் மரபு அவ்விடத்தைவிட்டு அகன்றது. அத்தகைய மரபுக்கு விலைப்பட்டியலில் இடமில்லை.

ஐ.ரி.வி.யின் நிகழ்ச்சிகள் குடிபெயர்ந்த இடமும் கருதத்தக்கது. அது 1960ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற பி.பி.சி.யின் தொலைக்காட்சி நிலையம். போட்டியாளரின் வீட்டிலேயே இடம் பிடித்தனர்! அவ்வீடும் அப்பொழுது பி.பி.சி.யின் சொந்த வீடன்று. 2012ஆம் ஆண்டிலே 20 கோடி பவுணுக்கு அதனை விற்றுவிட்டு, எஞ்சிய மூன்று கலையகங்களைப் பி.பி.சி.யின் துணை நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. அமெரிக்காவிலே சி.பி.எஸ். நிறுவனமும், 1952ஆம் ஆண்டு முதல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடத்திவந்த தன் கலையக வளாகத்தை 75 கோடி டொலருக்கு விற்க 2018ஆம் ஆண்டில் இசைந்தது. பின்னர் அங்கேயே குத்தகைக்கு இருந்தது. குத்தகைக்காரர் உரிமையாளராவதும் உரிமையாளர் குத்தகைக்காரராவதும் இத்தொழிலிலே மாறி மாறி நிகழ்வனவே.

இவற்றிலிருந்து நாம் தெளியும் உண்மை யாது? சொந்தக் கட்டடம் வாங்கினால் தொழில் நிலைக்கும் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். அது பாதி உண்மையே. உறுதிப் பத்திரம் தருவது பாதுகாப்பன்று. முடிவு செய்யும் உரிமையையே அது தருகிறது. அதுவரை வீட்டுக்காரர் கையிலிருந்த திறவுகோல் நம் கைக்கு வருகிறது. திறவுகோல் கதவைத் திறக்கும், மூடவும் செய்யும். நியூயோர்க்கிலே அதனைக் கொண்டு கலையகத்தைப் புதுப்பித்தனர், இலண்டனிலே பூட்டினர்.

பெருநகரின் நடுவே நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும்போது, "இங்கே பாட்டும் கூத்தும் நடத்துவதைவிட இடித்து வேறு கட்டினால் இலாபம் கூடுமே" என்ற எண்ணம் எவருக்கும் தோன்றும். முன்பு வீட்டுக்காரரின் நெஞ்சிலிருந்த அந்தச் சபலம், உறுதி முடித்த நாளிலே வாங்கியவரின் நெஞ்சுக்குக் குடிபெயர்கிறது. வெளியே நின்ற ஆபத்து உள்ளே வந்துவிடுகிறது. புறப்பகையிலும் உட்பகை கொடிது எனப் பெரியோர் எச்சரித்தது அரசர்க்கு மட்டுமன்று.

எனவே, குடியிருக்கும் வீட்டை வாங்க நினைப்போர் விலையையும் வட்டியையும் கணக்கிட்டபின் மற்றொன்றையும் தம்முள்ளே கேட்டுக்கொள்ளல் நன்று. எதற்காக வாங்குகின்றோம்? வாழ்வதற்காகவா, விலை ஏறும்போது விற்பதற்காகவா? இரண்டும் தவறல்ல. ஆனால் முன்னதைச் சொல்லி வாங்கிவிட்டுப் பின்னதைச் செய்யும்போது, அவ்வீட்டை நம்பி வாழ்ந்தோர் ஏமாற்றம் அடைவர். பள்ளியாயினும் அச்சகமாயினும் நாடக மன்றமாயினும், பலருடைய உழைப்பு ஒட்டியிருக்கும் இடத்தை வாங்குவோர் இதனைச் சற்று ஆழமாகவே சிந்திக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். தொலைக்காட்சியிலே நிகழ்ச்சி முடிந்ததும் திரையிலே பெயர்கள் ஓடும். நடித்தவர், இயக்கியவர், ஒளியமைத்தவர், ஒலிப்பதிவு செய்தவர் எனப் பலர் பெயரும் வரும். அவர்கள் யாவரும் நின்று வேலைசெய்த தரை எவருடையது என்பது அப்பட்டியலிலே இராது. அந்தத் தரையும் அந்நிகழ்ச்சியிலே பங்கு கொண்டதென்பதை மறவாதீர்கள். எந்தத் தொழிலைப் பற்றிப் படிப்பினும், அது எவருடைய நிலத்திலே, எந்த உடன்படிக்கையின்கீழ் நடைபெறுகின்றது என்ற வினாவையும் சேர்த்துக் கேளுங்கள். பாடநூலில் இல்லாத பல விடைகள் அப்பொழுது கிடைக்கும்.